பிள்ளைக் காம்பராவில் எடுத்த படம்

ஊத்துமலைப் பள்ளிக்கூடம் மாகாணப் போட்டிக்குத் தெரிவானது இதுதான் முதல் தடவை. வேறு நேரமாக இருந்தால் கோயிலில் ஸ்பீக்கர் கட்டி, அதிபர் முதல் ஆபீஸ் பியோன் வரைக்கும் மாலை போட்டிருப்பார்கள். மாலை போடக் காரணம் கிடைக்காமல் தவிக்கிற தேயிலைத் தோட்டம் அது. இந்தத் தடவை கீழ்ப்பிரிவு லயத்து வீட்டு வரிசையில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஜெயித்த பிள்ளை பிரஷாந்தினி, எட்டாம் தரம் படிக்கிறவள், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது லயத்து வாசல் வழியாக வராமல் பின்னால் மரக்கறிப் பாத்திகளுக்குள் புகுந்து வந்தாள். போட்டிக்காக அவள் எடுத்த படம் எல்லார் போனிலும் இருந்தது. அந்தப் படத்தால்தான் அவளுடைய அத்தை ரெங்கம்மாவின் வேலை போனது.

ரெங்கம்மா பிள்ளைக் காம்பராவில் ஆயம்மாவாக இருந்தவள். தாய்மார் கொழுந்து எடுக்கப் போகிற நேரத்தில் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடம்தான் பிள்ளைக் காம்பரா. வாசலில் வேறொரு நீளமான பெயரைப் பலகையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். அதை வாசித்தவர்கள் வெளியிலிருந்து வந்த அதிகாரிகள் மட்டும்தான். ரெங்கம்மாவுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. தான் தூக்கி வளர்த்த தம்பி ஜெயராசாவின் வீட்டிலேயே இருந்தாள். ஜெயராசா கொழும்பில் ஓர் இரும்புக் கடையில் வேலை செய்துகொண்டு தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் வந்துபோகிறவன். ஆகவே வீட்டில் எப்போதும் இருந்தது அவன் மனைவி சந்திரகாந்தி, அக்கா ரெங்கம்மா, மகள் பிரஷாந்தினி, இப்போதுதான் ஓடப் பழகுகிற மகன் தினுஷன் ஆகியோர்தான். சந்திரகாந்தி கொழுந்து எடுக்க மலைக்குப் போவாள். ரெங்கம்மா தினுஷனையும் லயத்துப் பிள்ளைகளையும் பார்ப்பாள். பிரஷாந்தினிக்கும் ஒரு காலத்தில் நடை பழக்கியவள் அவள்தான்.

பிள்ளைகளைக் கட்டிப்போட்ட கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பிள்ளைக் காம்பராவில் முன்பு இரண்டு ஆயம்மாக்கள் இருந்தார்கள். மூத்தவள் வயதாகி நின்ற பிறகு அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. போன ஐப்பசி மழையில் கரை சரிந்து முன்பக்கத்து வேலியும் போனது. வேலி போன இடத்திலிருந்து பத்தடியில் சீமெந்துக் கான், ஆழமான வடிகால். மேல் மலையின் தண்ணீரெல்லாம் அதில்தான் இறங்கும்; மழை பிடித்தால் பெரிய ஆளையே இழுத்துவிடும். பால் காய்ச்ச, கஞ்சி வைக்க, ஒன்றைக் கழுவிவிட என்று ரெங்கம்மா உள்ளே போய்த்தான் ஆகவேண்டும். பிள்ளைகளுக்கோ தண்ணீரைக் கண்டால் கொண்டாட்டம்.

ஒருநாள் தினுஷன் தவழ்ந்துபோய் அந்தக் கானுக்குள் விழுந்தான். புல்லறுக்கப் போன ஒருவன் சட்டையைப் பிடித்து இழுத்துப்போட்டதால் பிழைத்தான். செய்தி கேட்டு சந்திரகாந்தி இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கோடு மலையிலிருந்து ஓடிவந்தாள். பிள்ளையின் நெற்றி உரசி இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ரெங்கம்மா சுவரோடு ஒண்டி நின்றிருந்தாள். சந்திரகாந்தி அவளைத் திட்டவில்லை. மறுநாள் காலை தன்னுடைய பழைய நூல்சேலை ஒன்றை நீளவாக்கில் கிழித்து எடுத்துக்கொண்டு போனாள். ஒரு முனையை மகனின் இடுப்பில் சுற்றி, மறுமுனையை விறாந்தைத் தூணில் கட்டினாள். கானுக்கு ஓர் எட்டு முன்னாலேயே இழுத்து நிறுத்துகிற அளவு நீளம் விட்டாள்.

"நீங்க உள்ள போற நேரத்துக்கு மட்டும் அண்ணி," என்றாள்.

"கன்னுக்குட்டி மாதிரியா சந்திரா?"

"கன்னுக்குட்டின்னாலும் உசுரோட இருக்கும்ல."

ஒரு வாரத்துக்குள் மற்றத் தாய்மாரும் ஆளுக்கொரு பழஞ்சேலையோடு வந்துவிட்டார்கள். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஓடுகிற அவசரத்திலும் ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையைத் தன் கையாலேயே கட்டிவிட்டுத்தான் போனாள், அடுத்தவள் முடிச்சில் நம்பிக்கை இல்லாமல். பச்சை, சிவப்பு, பூப்போட்டது என்று தூணைச் சுற்றிச் சேலைத் துண்டுகள். வெயில் நாளில் தூரத்திலிருந்து பார்த்தால் அழகாகக்கூட இருக்கும். பிள்ளைகள் அந்த வட்டத்துக்குள் விளையாடின, சண்டை போட்டன, தூங்கின. கானுக்குள் பிறகு ஒரு பிள்ளையும் விழவில்லை. யாரும் அதை ஒரு தப்பென்று நினைக்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் பள்ளிக்கூடத்துக்கு அந்தப் போட்டி வந்தது. குடியுரிமைக் கல்வி படிப்பிக்கிற றின்ஸா டீச்சர் தினமும் பதுளையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். பிள்ளைகள் தங்கள் ஊரின் ஒரு பிரச்சினையைத் தாங்களே கண்டுபிடித்து, ஆராய்ந்து, தீர்வு சொல்லி, நாலு பலகையில் ஒட்டி, நடுவர்கள் முன்னால் பேச வேண்டும். பையன்கள் விளையாட்டு மைதானம் கேட்கலாம் என்றார்கள். பிரஷாந்தினி எழுந்து, "பிள்ளைக் காம்பராவுக்கு இன்னொரு ஆயம்மா வேணும் டீச்சர். வேலியும் வேணும். எங்க அத்தை ஒத்த ஆளா கெடந்து சாகுறாங்க," என்றாள். டீச்சருக்கு அது பிடித்துப்போனது.

"நல்ல விசயம். ஆனா ஆதாரம் வேணும். ஆதாரமில்லாம நடுவர்மார் நம்ப மாட்டாங்க," என்று தன் போனையே கொடுத்தனுப்பினார்.

படம் எடுக்கப் போன அன்று ரெங்கம்மா பட்ட சந்தோசத்தைச் சொல்லி முடியாது. பிள்ளைகள் எல்லாருக்கும் முகம் கழுவி, பவுடர் பூசி, தலை வாரிவிட்டாள். "கொஞ்சம் இருடி, மூக்க சிந்தி விட்டுடுறேன். பதுளைக்குப் போற படம்ல," என்றாள். தானும் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு தூணுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். தூண், அதில் கட்டிய சேலைகள், கட்டப்பட்ட பிள்ளைகள், நடுவில் சிரித்தபடி ரெங்கம்மா. அந்தப் படம்தான் இரண்டாம் பலகையில் 'ஆதாரம்' என்ற தலைப்பின் கீழ் பெரிதாகப் போனது.

வலயப் போட்டியில் முதலிடம். பார்க்க வந்த யாரோ ஒருவர் பலகையைத் தன் போனில் பிடித்து முகப்புத்தகத்தில் போட்டுவிட்டார். மேலே ஒரு வரியும் எழுதினார்: தோட்டத்தில் பச்சைக் குழந்தைகளைத் தூணில் கட்டிவைத்துச் சிரிக்கும் ஆயா. அவ்வளவுதான். அன்று பின்னேரத்துக்குள் அது கொழும்புக்கும் கத்தாருக்கும் போய்த் திரும்பி ஊத்துமலைக்கே வந்து சேர்ந்தது. தீர்வு எழுதிய பலகையை யாரும் படம் பிடிக்கவில்லை.

விசாரணை தோட்டத்து ஆபீசில் நடந்தது. அன்று காலையிலிருந்தே மழை தூறிக்கொண்டிருந்தது. பதுளையிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவரை எல்லாரும் வெல்பெயார் ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் ரெங்கம்மாவை உள்ளே கூப்பிட்டுப் பேசி அனுப்பினார்கள். அவள் வெளியே வந்து கதவுக்குப் பக்கத்து வாங்கில் உட்கார்ந்துகொண்டாள். பிறகு தாய்மாரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள்.

விறாந்தையில் காத்திருந்த நேரத்தில் பேரனுக்காக வந்திருந்த அடுத்த வீட்டுப் பெரியாயி குசுகுசுவென்று சொன்னாள். "தெரியும்னு மட்டும் சொல்லிராதீங்க. கட்டுனது தாய்க்காரின்னு தெரிஞ்சா புள்ளையத் தூக்கிட்டுப் போயி ஹோம்ல விட்டுருவாங்களாம். எங்க மாமா பொண்ணு தோட்டத்துல அப்படி நடந்திருக்கு."

"நெசமாவா?" என்றாள் சந்திரகாந்தி.

"பொய் சொல்லி எனக்கென்ன ஆகணும்?"

சந்திரகாந்தி பிள்ளையை இறுக்கிப் பிடித்தாள். தினுஷன் அவள் இடுப்பில் இருந்து பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். உள்ளே போனவர்கள் எல்லாரும் சீக்கிரமே வெளியே வந்தார்கள். ஒருத்தியும் ரெங்கம்மா பக்கம் திரும்பவில்லை. சந்திரகாந்தியின் முறை வந்தது.

"உங்கட மகனைத் தூணில கட்டி வைக்கிறது உங்களுக்குத் தெரியுமா?" என்று அதிகாரி கேட்டார். நல்ல மனுசர்தான். குரலை உயர்த்தவே இல்லை.

கதவு திறந்துதான் கிடந்தது. வாங்கில் உட்கார்ந்திருந்த ரெங்கம்மாவின் கால்கள் சந்திரகாந்திக்குத் தெரிந்தன. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள். ஆபீசுக்கு வந்தால் அவளுக்கு அப்படி ஒரு பழக்கம்.

"தெரியாதுங்க," என்றாள் சந்திரகாந்தி.

அந்த ஒரு சொல்லோடு விசாரணை முடிந்தது. ரெங்கம்மாவைப் பிள்ளைக் காம்பராவிலிருந்து நிறுத்தி, கொழுந்து எடுக்கும் கூட்டத்தில் பேர் பதிந்தார்கள். பெயர் கெட்டுப்போன பயத்தில் தோட்டம் அடுத்த மாதமே ஓடி ஓடி வேலை செய்தது. கம்பி வேலி போட்டார்கள். கானுக்குச் சிலாப் மூடி போட்டார்கள். படித்து சான்றிதழ் எடுத்த இரண்டு இளம் பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். பிரஷாந்தினி மூன்றாம் பலகையில் என்னென்ன கேட்டு எழுதியிருந்தாளோ அத்தனையும் வந்துவிட்டது. அத்தை மட்டும் அங்கே இல்லை.

வாலிபத்தில் கொழுந்து எடுத்த கை, நடுவில் பிள்ளைகளைத் தூக்கியே பழகிப்போயிருந்தது. முதல் வாரத்தில் ரெங்கம்மாவின் விரல்களெல்லாம் வெடித்துக் கறை ஏறின. அட்டைக் கடியில் கால் வீங்கியது. அவள் கூடை மற்றவர்கள் கூடையில் பாதிகூட நிரம்பாது. கங்காணி தலையைச் சொறிந்துகொண்டு பேசாமல் இருப்பான். அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பத்து மணித் தேத்தண்ணிக்கு எல்லாரும் கூடி உட்காருகிற நேரம்தான் அவளுக்கு ஆகாமல் போனது. அவள் வந்து உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும்.

"புள்ளைங்கள மாடு மாதிரிக் கட்டுன கையால எப்படித்தான் ரொட்டி சாப்பிடுறாங்களோ," என்று ஒருநாள் பெரியாயி யாரையும் பார்க்காமல் சொன்னாள். அவள் பேரனைக் கட்டிய சிவப்புச் சேலை அவளுடையதுதான். ஆனால் ஆபீசில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வந்தவர்களுக்கு அதை நம்பித்தான் தீர வேண்டியிருந்தது. நம்பினால்தானே தூக்கம் வரும். இரண்டு கிழமைக்குள் அவர்கள் எல்லாரும் மனதார நம்பத் தொடங்கியிருந்தார்கள்.

சந்திரகாந்திக்கு மட்டும் அந்த வரம் கிடைக்கவில்லை. காரணம், ரெங்கம்மா வீட்டில் ஒன்றுமே சொல்லவில்லை. விசாரணை முடிந்த அன்று பின்னேரம் வழக்கம்போல மாவைப் பிசைந்து ரொட்டி தட்டினாள். பச்சை மிளகாயும் வெங்காயமும் தட்டிச் சம்பல் அரைத்தாள். நன்றாகச் சிவந்த ரொட்டியை எடுத்துச் சந்திரகாந்தியின் தட்டில் வைத்தாள். "சாப்புடு. கொழுந்து நாளைக்கும் இருக்கும்," என்றாள். சந்திரகாந்தி அதைப் பிய்த்துப் பிய்த்துத் தினுஷனுக்கே ஊட்டினாள். ரெண்டு அறை விட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அதைவிட மோசமானது ஜெயராசாவின் போன். கடையில் யாரோ படத்தைக் காட்டியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்து, "அக்காகிட்டக் குடு," என்றான். அவன் போட்ட சத்தம் போனுக்கு வெளியே வீடு முழுக்கக் கேட்டது.

"என் புள்ளையவே கட்டிப் போட்டிருக்கியே அக்கா. ஒன்ன நம்பித்தான விட்டுட்டு வந்து இங்க கெடக்கேன். அதுல சிரிச்சுக்கிட்டு வேற நிக்கிற. கடையில தல நிமிர முடியல எனக்கு."

ரெங்கம்மா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய கண் ஒரே ஒரு தடவை சந்திரகாந்தி பக்கம் வந்துபோனது. சந்திரகாந்தி அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். தள்ளுவதற்கு ஒன்றும் இல்லாத விறகு அது.

"தப்புதான்டா தம்பி," என்றாள் ரெங்கம்மா. போனைக் கொடுத்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனாள். தண்ணீர் எடுத்து வர அன்றைக்கு ரொம்ப நேரமானது.

மூலையில் பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த பிரஷாந்தினி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் மாகாணப் போட்டிக்குப் போகல."

"ஏன்டி?"

"நீங்கதான கட்டுனீங்க. மொத நாளு நான் ஸ்கூலுக்குப் போற வழியில பாத்தேன்."

"மெதுவாப் பேசு."

"அத்தைய எல்லாரும் பேசுறாங்க. நான் எடுத்த படத்தாலதான் பேசுறாங்க. ஆயம்மா வேணும்னு கேக்கத்தான் எடுத்தேன். அத்தைக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னுதான் எடுத்தேன்."

"அது எனக்குத் தெரியாதா? நீ ஒண்ணும் தப்புப் பண்ணல."

"அப்ப யாரு பண்ணா?"

சந்திரகாந்தி தினுஷனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். வெளியே பனி இறங்கியிருந்தது. எதிர் லயம்கூடத் தெரியவில்லை. அங்கே நின்று அவள் அழுதாள். பிள்ளையைப் பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில்தான் சொன்னேன் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அது உண்மைதான். ஆனால் இன்று ஜெயராசா பேசும்போது எந்த அதிகாரியும் பக்கத்தில் இல்லையே. புருஷனிடம் ஏன் சொல்லவில்லை? அவன் தன்னையும் அப்படித் திட்டுவான் என்பதைத் தவிர வேறு காரணம் அவளுக்குக் கிடைக்கவில்லை. அப்போதுதான் தன்மேல் அவளுக்கு முதல்முறையாக அருவருப்பு வந்தது.

பிள்ளை போட்டிக்கு வரமாட்டேன் என்றதும் றின்ஸா டீச்சரே வீட்டுக்கு வந்துவிட்டார். உடைந்த கதிரையில் உட்கார்ந்து வெறும் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமலே இருந்தார்.

"ரெங்கம்மாக்கா, எம்மேலயும்தான் பிழை. ஆதாரம் ஆதாரம்னு நான்தான் பிள்ளையப் போட்டு அரிச்சேன். முகத்த மறைச்சு ஒட்டச் சொல்லணும்னு எனக்குத் தோணல. படிச்ச மனுசிக்குத் தோணியிருக்கணும்."

"அட விடுங்க டீச்சர். முகத்த மறைச்சிருந்தா பவுடர் பூசுனதெல்லாம் வீணாப் போயிருக்கும்," என்றாள் ரெங்கம்மா. பிறகு மருமகளைப் பார்த்தாள். "ரெண்டு ஆயம்மா வேணும்னு கேட்ட, வந்திருச்சு. வேலி கேட்ட, வந்திருச்சு. கேட்டதெல்லாம் கெடச்சதுக்கப்புறம் என்னத்துக்கு ஒளியிற? போ. போய்ப் பேசு. அந்தப் படத்த மட்டும் எடுத்துரு."

"படம் இல்லாம என்னத்தைப் பேசுறது அத்தை?"

"வாய் இருக்குல்ல."

அடுத்த கிழமை பதுளையில் ஒரு மண்டபத்தில் மாகாணப் போட்டி. சந்திரகாந்தி லீவு சொல்லிவிட்டு, தினுஷனைப் பிள்ளைக் காம்பராவில் புதுப் பெண்களிடம் விட்டுவிட்டு, மகளோடு போனாள். பிள்ளைகளும் அவர்களைக் கூட்டிப்போக வந்த டீச்சரும் பலகைகளைப் பொலித்தீனில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்கள். வழியில் ஸ்பிரிங்வெளிப் பக்கமெல்லாம் மழை. பதுளைக்கு இறங்கினால் சுள்ளென்று வெயில். மண்டபத்தில் பெரிய பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் டை கட்டி நின்றார்கள். வீதிக் குப்பை, பஸ் நிலையம், போதைப்பொருள் என்று ஆளுக்கொரு பிரச்சினை கொண்டு வந்திருந்தார்கள். சந்திரகாந்தி பின் வரிசையில் உட்கார்ந்துகொண்டாள்.

பிரஷாந்தினி நன்றாகத்தான் பேசினாள். தன் மகளுக்கு அவ்வளவு திருத்தமான தமிழ் வருமென்று சந்திரகாந்திக்கு அன்றுதான் தெரிந்தது. வேலி இல்லாத கதையைச் சொன்னாள், கானைச் சொன்னாள், வேலி வந்ததையும் சொன்னாள். நடுவர்கள் தலையாட்டிக் கேட்டார்கள். இரண்டாம் பலகையில் படம் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. நடுவில் இருந்த நரைத்த நடுவர் அதைக் கவனித்துவிட்டார். அவரும் அந்தப் படத்தைப் போனில் பார்த்திருக்க வேண்டும்.

"மகள், நாலாவது பலகையில் 'யார் பொறுப்பு' என்று தலைப்புப் போட்டு, 'நிர்வாகமும் சமூகமும்' என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. பிள்ளைகளைக் கட்டியது யார்?"

பிரஷாந்தினி பலகையைத் திரும்பிப் பார்த்தாள்.

"பயப்பட வேண்டாம். உங்கள் ஆய்வில் அதைக் கண்டுபிடித்திருப்பீர்கள்தானே? அந்த ஆயம்மாதானா?"

பிள்ளை நிமிர்ந்து மண்டபத்தின் பின்பக்கம் பார்த்தாள். சந்திரகாந்தி இரண்டு கையாலும் முன் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு தூரத்தில் மகளின் முகம் தெளிவாகத் தெரியவில்லை. குரல் மட்டும் மைக்கில் தெளிவாகக் கேட்டது.

"தெரியாதுங்க."

"நீங்கள்தானே படம் எடுத்தது?"

"ஆமாங்க."

"எடுத்தவருக்கே தெரியாதா?"

"தெரியாதுங்க, சேர்."

நடுவர் எதையோ எழுதிக்கொண்டார். அவர்களுக்கு இடம் எதுவும் கிடைக்கவில்லை. கலந்துகொண்டதற்கு ஒரு சான்றிதழும் ஒரு பன்னும் கொடுத்தார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் சனம் நெருக்கியது. தாயும் மகளும் ஒரே சீட்டில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் பதுளையிலேயே நின்றுவிட்டார். பஸ் மலை ஏறத் தொடங்கியதும் சந்திரகாந்தி கேட்டாள்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"அத்தைன்னு சொன்னா பொய்யி. நீங்கன்னு சொன்னா..." அவள் நிறுத்திக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினாள். "எனக்கு வேற ஒண்ணும் சொல்லத் தெரியலம்மா."

பிள்ளைக்குப் பொய் பேசவே வராது. சின்ன வயதில் சீனி திருடித் தின்றால்கூடக் கேட்பதற்கு முன்னால் தானே வந்து வாயைத் திறந்து காட்டுவாள். அவளை மைக்குக்கு முன்னால் நிறுத்தி அந்தச் சொல்லைச் சொல்ல வைத்தது நான்தான் என்று சந்திரகாந்திக்கு உறைத்தது. ஆபீசில் தான் சொன்னபோதுகூட அவ்வளவு வலிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ரெங்கம்மா விரல்களுக்கு நல்லெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தினுஷன் அவள் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தான்.

"என்ன, தோத்துட்டு வந்தாச்சா?" என்று மருமகளைப் பார்த்துச் சிரித்தாள். பிரஷாந்தினி சிரிக்காமல் உள்ளே போய்விட்டாள். சந்திரகாந்தி நிலையில் சாய்ந்து நின்றாள்.

"அண்ணி, நாளைக்கு ஆபீசுக்குப் போயி வெல்பெயார் ஐயாகிட்டச் சொல்லிடுறேன்."

"என்னத்த?"

"கட்டுனது நாந்தான்னு."

ரெங்கம்மா எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள். "இப்ப சொல்லி என்ன ஆகப்போவுது? மொத ஆளா என்னயத்தான கூப்பிட்டாங்க. யாரும் சொல்லல, நானாத்தான் கட்டுனேன்னு நான் அப்பவே சொல்லிட்டேன். ஒங்க தலையெல்லாம் உருளக் கூடாதுன்னு சொன்னேன். சொல்லிட்டு வந்து வெளிய ஒக்காந்தப்ப, ஒருத்தியாவது உள்ள போயி, இல்லங்க, ரெங்கம்மா பொய் சொல்றாங்கன்னு சொல்லுவான்னு நெனச்சேன்."

சந்திரகாந்தி அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"நீ சொல்லுவன்னு நெனச்சேன் சந்திரா. மத்தவளுங்கள விடு."

"மன்னிச்சிருங்க அண்ணி."

"அந்தப் பேச்சு வேணாம். ஆபீசும் வேணாம். அந்த வேல இனி எனக்கு வராது, ரெண்டு பொண்ணுங்க வயித்துல அடிச்சு எனக்கு அது வேணவும் வேணாம். பத்து மணிக்கு ஒரு வாய் தேத்தண்ணி குடிக்க முடியல சந்திரா. நான் வளத்த புள்ளைங்க என்னயக் கண்டா பயந்து ஓடுதுங்க, பூச்சாண்டின்னு சொல்லிக் குடுத்திருக்காளுங்க. சொல்றதுன்னா பெரட்டுல சொல்லு. அவளுங்க முன்னால சொல்லு."

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் தூறல். பெண்கள் தலையில் பொலித்தீனும் இடுப்பில் படங்குமாக நின்றார்கள். கணக்கப்பிள்ளை குடைக்குள் நின்று பேர் கூப்பிட்டு முடித்து, எந்த மலைக்கு யார் என்று பிரித்துச் சொல்ல வாயெடுத்தார். சந்திரகாந்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் போனாள்.

"ஐயா, ஒரு நிமிசம். எல்லாரும் கேட்டுக்கங்க. என் புள்ளையத் தூணுல கட்டுனது நாந்தான். மொதமொதல்ல கட்டுனதும் நாந்தான். அண்ணிக்கு அது புடிக்கக்கூட இல்ல. ஆபீசுல தெரியாதுன்னு நான் சொன்னது பொய்யி. மத்தவங்களப் பத்தி நான் பேச வரல."

சிலர் குனிந்து படங்கை இறுக்கிக் கட்டினார்கள். கணக்கப்பிள்ளை, "இதெல்லாம் பெரட்டுல பேசுற பேச்சா?" என்று முணுமுணுத்தார்.

"நீ கட்டியிருப்ப," என்றாள் பெரியாயி. அவள் குரல் உடைந்திருந்தது. "நாங்க கட்டல. எங்கள இதுல இழுக்காத."

"நான் இழுக்கல பெரியாயிக்கா."

மலைக்குப் போனதும் ஆளுக்கொரு செடி வரிசையாக நெரை பிடிக்கையில் சந்திரகாந்திக்குப் பக்கத்து நெரையை ஒருத்தியும் எடுக்கவில்லை. எல்லாரும் கங்காணியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். காலியாகக் கிடந்த நெரையில் ரெங்கம்மா வந்து நின்றாள். கொழுந்து கிள்ளத் தொடங்கினாள். அண்ணி தன்னை மன்னித்துவிட்டாள் என்று சந்திரகாந்திக்கு மனம் இளகியது. பாதி மலை ஏறியாயிற்று. பனி விலகி, கீழே பிள்ளைக் காம்பராவின் புது வேலி பளபளத்தது.

"எனக்கு ஆறிடுச்சுன்னு நெனைக்காத," என்றாள் ரெங்கம்மா, கையை நிறுத்தாமல்.

"இல்லண்ணி."

"இவளுங்ககிட்டச் சொல்லிட்ட. சரி. நான் யாரத் தூக்கி வளத்தேனோ அவன்கிட்ட இன்னும் சொல்லல நீ."

சந்திரகாந்தியின் கை செடிமேல் நின்றுவிட்டது. இதற்குத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள். பெரட்டு முழுக்க முன்னால் நின்று பேசியதெல்லாம் இந்த ஒன்றைத் தள்ளிப்போடத்தானோ என்றுகூடத் தோன்றியது. அந்த உயரத்தில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். வேறு சாக்குச் சொல்ல வழியில்லை. கறை பிடித்த விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, மடியிலிருந்து போனை எடுத்து அழுத்தினாள். கடை திறக்கிற நேரம். ரொம்ப நேரம் அடித்தது. ரெங்கம்மா கிள்ளிய கொழுந்தைக் கூடையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லு சந்திரா," என்றான் ஜெயராசா. "சீக்கிரம் சொல்லு, ஆள் நிக்குது."

"என்னங்க," என்றாள் அவள். பக்கத்தில் ரெங்கம்மா மூச்சு விடுவது கேட்டது. "என்னங்க, அக்காவத் திட்டுனீங்கல்ல. அந்தத் திட்டு எனக்கு வரவேண்டியதுங்க."